இலங்கையின் இலவசக் கலாசாலையும் நமது ஆறு சதவிகிதமும்

கல்விக்காகச் சர்க்கார் எவ்வளவு செலவிடுகிறது என்று கேட்டால், பட்ஜெட் சமர்ப்பிக்கப்படும் தினத்தன்று ஒரு சதவிகிதக் கணக்கு பதிலாக வந்து விழுகிறது. தேசத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் நூற்றுக்கு இத்தனை என்று மந்திரிகள் சொல்லுகிறார்கள். இது போதாது, அத்தனை வேண்டும் என்று எதிர்த் தரப்பார் சொல்லுகிறார்கள். இரு சாராரும் சொல்லி முடித்த பிறகு அடுத்த வருஷம் வரையில் விஷயம் உறங்கிவிடுகிறது. இந்தச் சதவிகிதத்தை வீரசோழன் சந்தைக்கு எடுத்துக்கொண்டு போனால் அதற்கு ஈடாக ஒரு நோட்டுப் புஸ்தகங்கூட வாங்க முடியாது. சர்க்கார் செலவிடும் ரூபாய் வீரசோழனைச் சேர்ந்த ஒரு பிள்ளையிடம் என்ன ரூபத்தில் வந்து சேர்கிறது, வந்து சேராத பாக்கியை யார் கொடுக்கிறார்கள் என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி. அதைத் தனியே கேட்பதைக் காட்டிலும், பக்கத்துத் தேசமொன்றின் கணக்கோடு சேர்த்து வைத்துக் கேட்பது நல்லது. அந்தத் தேசம் இலங்கை.

இலங்கையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டாரங்கள் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுதல். 1985 வரையில் ராமநாதபுரம் ஜில்லாவாக இருந்த இந்தச் சீமையிலிருந்துதான் பஞ்ச காலங்களில் கங்காணிகளின் பின்னே ஜனங்கள் கூட்டங்கூட்டமாகக் கடல் கடந்தார்கள். மதுரை, திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்தும் போனார்கள். காப்பித் தோட்டங்களையும் பிறகு தேயிலைத் தோட்டங்களையும் உண்டாக்கியவர்கள் அவர்களே. அவர்கள் போய்ச் சேர்ந்ததன் இருநூறாவது ஆண்டை 2023-இல் அங்குள்ளவர்கள் நினைவு கூர்ந்தார்கள். ஆகவே ஒரே கண்மாய்க் கரையைச் சேர்ந்த குடும்பங்களின் சந்ததியார் இன்று இரண்டு தேசங்களின் பிரஜைகளாக இருக்கிறார்கள். ஒரு சர்க்கார் வீரசோழனில் இருப்பவனுக்கு என்ன செய்தது, மற்றொரு சர்க்கார் ஹட்டனில் இருப்பவனுக்கு என்ன செய்தது என்று பார்ப்பதைவிடப் பொருத்தமான ஒப்புநோக்கு நமக்கு வேறு கிடைக்காது.

முதலில் சரித்திரம். இலங்கையின் கல்வி மந்திரியாக 1931 முதல் 1947 வரை இருந்தவர் ஸி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவர் தலைமையில் அமைந்த விசேஷக் கமிட்டி 1943-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரையில் கட்டணம் கூடாது என்பதே அதன் சாரம். 1945 அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது இலங்கை சுதந்திர நாடு அல்ல என்பதையும், யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது என்பதையும், இலங்கை சர்வகலாசாலை 1942-இல் தோன்றி மூன்று வயதே ஆகியிருந்தது என்பதையும் நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அதே காலத்தில் அதே பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த நமக்கு 1944-இல் சார்ஜெண்ட் திட்டம் கிடைத்தது. பதினான்கு வயது வரையில் எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வியளிக்க நாற்பது வருஷம் பிடிக்கும் என்று அது கணக்குப் போட்டது! ஒரு தீவில் சர்வகலாசாலையின் வாசலையே திறந்துவிட்டார்கள். இங்கே ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் வாசலைத் திறப்பதற்கு நாற்பது வருஷ வாய்தா வாங்கினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு நாம் சும்மா இருந்தோம் என்று சொல்லவில்லை. இதே விருதுநகரைச் சேர்ந்த காமராஜர் முதல் மந்திரியாக இருந்த 1954–63 காலத்தில் சென்னை ராஜ்யத்தில் பள்ளிப் படிப்பு இலவசமாயிற்று. மத்தியானச் சாப்பாடும் வந்தது. ஆனால் கலாசாலைப் படிப்பு என்பது அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகும் இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் சமூகங்களின் உண்டியலிலிருந்தே வந்தது. வியாபாரத்தில் மகமை பிடித்துப் பள்ளிக்கூடம் கட்டும் வழக்கம் விருதுநகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உண்டு. அங்கே 1947-இல் தொடங்கிய கலாசாலையும், அருப்புக்கோட்டையில் தேவாங்கர் கலைக் கலாசாலையும், சைவபானு சத்திரிய கலாசாலையும் அந்த வழியில் பிறந்தவைதாம். நெசவாளரும் வியாபாரியும் கொடுத்த காசில் கட்டடம் எழும்பியது. சர்க்கார் பிறகு வந்து ஆசிரியர்களின் ஊதியத்துக்கு மானியம் கொடுத்தது. திருச்சுழியில் சர்க்காரின் சொந்தக் கலை அறிவியல் கலாசாலை ஏற்பட்டதோ சமீப காலத்தில். 1945-க்கும் அதற்கும் இடையில் எத்தனை தலைமுறை கரி சுட்டுக் கழிந்தது என்பதை அந்தத் தாலூகாவில் உள்ளவர்களே கணக்கிடட்டும்.

இனிச் சதவிகிதத்தைப் பார்ப்போம். டி. எஸ். கோத்தாரி தலைமையில் 1964 முதல் 1966 வரை வேலை செய்த கல்விக் கமிஷன், தேசிய வருமானத்தில் நூற்றுக்கு ஆறு கல்விக்குச் செல்ல வேண்டும் என்று சிபார்சு செய்தது. 1968-ஆம் வருஷத்துக் கல்விக் கொள்கை அதை ஏற்றுக்கொண்டது. 1986-ஆம் வருஷத்துக் கொள்கையும் ஏற்றுக்கொண்டது. 2020-ஆம் வருஷத்துக் கொள்கையும் கூடிய சீக்கிரத்தில் ஆறு சதவிகிதத்தை எட்ட வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையே 2017–18-இல் நாம் செலவிட்டது 4.43 சதவிகிதம் என்று ஒப்புக்கொள்ளவும் செய்கிறது. இது எல்லா இலாகாக்களின் கல்விச் செலவையும் சேர்த்த கணக்கு. மத்திய சர்க்காரின் பொருளாதார ஆய்வறிக்கையோ வேறு விதமாகக் கூட்டி மூன்று சதவிகிதத்துக்கும் குறைவாகக் காட்டி வந்திருக்கிறது. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒரே வாக்குறுதியை மூன்று கொள்கைகள் எடுத்துச் சொல்லியும் அது நிறைவேறவில்லை.

இலங்கையில் என்ன? அங்கும் ஆறு சதவிகிதம் என்ற அதே எண்தான் கோஷம். 2012-இல் சர்வகலாசாலை ஆசிரியர்களின் சம்மேளனம் ஜூலை முதல் அக்டோபர் வரையில் ஏறக்குறைய நூறு நாள் வேலை நிறுத்தம் செய்தது; அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் முக்கியமானது இதுவே. அங்கே செலவு பல வருஷங்களாக இரண்டு சதவிகிதத்தைச் சுற்றியே தத்தளிக்கிறது. சில வருஷங்களில் அதுவும் இல்லை. அதாவது கல்விக்கு நாம் செலவிடும் விகிதத்தில் ஏறக்குறையப் பாதிதான் அவர்களுடையது.

இங்கேதான் வாசகர் நிறுத்தி யோசிக்க வேண்டும். விகிதத்தில் பாதி செலவிடும் தேசத்தில் சர்வகலாசாலையில் சேர்ந்த மாணவன் வைத்தியப் படிப்பானாலும் இஞ்சினீயரிங் ஆனாலும் முதல் பட்டத்துக்குக் கற்பிப்புக் கட்டணம் கொடுப்பதில்லை. அதற்கு மேல் 1981-இல் ஏற்பட்ட மகாபொல உபகாரச் சம்பளமும் பல்லாயிரம் பேருக்குக் கிடைக்கிறது. 2025-ஆம் வருஷத்துப் பட்ஜெட்டில் அதை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தினார்கள். அவர்களைவிட அதிக விகிதம் செலவிடும் நமது தேசத்தில் பெரும்பாலான மாணவர்கள் தனியார் ஸ்தாபனத்தில் பணம் கட்டிப் படிக்கிறார்கள். குறைவாகச் செலவிடுகிறவன் இலவசமாகக் கொடுக்கிறான். அதிகமாகச் செலவிடுகிறவன் விலை வாங்குகிறான். இது எப்படிச் சாத்தியம்?

இலங்கையின் ரகசியம் எளிது. வாசல் இலவசம், ஆனால் வாசல் குறுகல். அங்கே உயர்தரப் பரீட்சைக்கு வருஷந்தோறும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் உட்காருகிறார்கள். சர்வகலாசாலையில் சேரத் தகுதி பெறுகிறவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். சேர்த்துக்கொள்ளப்படுகிறவர்கள் நாற்பதாயிரத்தைச் சற்றே தாண்டுவார்கள். மானியக் கமிஷனின் கீழ் 17 ராஜாங்க சர்வகலாசாலைகள் இருந்தும், தேறிய நால்வரில் ஒருவருக்குத்தான் இடம். மற்ற மூவர் வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம். பணமிருந்தால் கொழும்பில் அந்நிய சர்வகலாசாலைகளின் பட்டத்தை விற்கும் ஸ்தாபனங்களை நாடலாம். இல்லாவிட்டால் ஆடைத் தொழிற்சாலைக்கோ அரபு தேசத்துக்கோ போகலாம். இடம் கிடைத்தவர்களும் பரீட்சை முடிந்து சர்வகலாசாலைக்குள் காலடி வைக்க ஒரு வருஷத்துக்கு மேல் காத்துக் கிடப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. வயதுக்கேற்ற இளைஞர்களில் உயர்தரக் கல்வி பெறுகிறவர்கள் அங்கே ஐந்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள்.

குறுகலான வாசலின் தீமை காத்திருப்போடு நிற்பதில்லை. இடம் கொஞ்சம், கேட்கிறவர் ஏராளம் என்றால், யாரைத் தள்ளுவது என்ற கேள்வி ராஜீயக் கேள்வியாகிவிடும். 1971 முதல் இலங்கையில் நடந்தது அதுவே. மார்க்குகளைத் தரப்படுத்துகிறோம் என்றார்கள். பிறகு ஜில்லாவாரிப் பங்கு என்றார்கள். இஞ்சினீயரிங் வகுப்புக்களில் சரிபாதிக்கு அருகில் இருந்த தமிழ் மாணவர்களின் தொகை 1974-க்குள் வெகுவாகச் சரிந்தது. யாழ்ப்பாணத்து இளைஞர்களின் மனத்தில் அது உண்டாக்கிய புண் என்ன விளைவித்தது என்பதை நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை. இடங்களைப் பெருக்கப் பணம் ஒதுக்கியிருந்தால் இவ்வளவு பகை மூண்டிராது என்று நாம் நினைக்கிறோம். இனத் துவேஷம் அதற்கு வேறு காரணங்களாலும் வளர்ந்தது என்பது உண்மைதான். ஆனால் கஜானாவின் கஞ்சத்தனம் அதற்கு எண்ணெய் ஊற்றியது என்பதும் உண்மை. இப்போது அங்குள்ள ஏற்பாட்டின்படி நூற்றுக்கு 40 இடம் தேச முழுவதுக்குமான தகுதி வரிசையிலும், 55 இடம் ஜில்லாக்களின் ஜனத்தொகைப்படியும், 5 இடம் கல்வியில் பின்தங்கிய ஜில்லாக்களுக்கும் செல்லுகின்றன.

அப்படிப் பின்தங்கியதாகக் குறிக்கப்பட்ட ஜில்லாக்களில் நுவரெலியாவும் ஒன்று, பதுளையும் ஒன்று. நமது சீமையிலிருந்து போனவர்கள் அதிகமாக வாழும் இடங்கள் இவை. கன்னங்கராவின் இலவசக் கல்வி தீவு முழுவதையும் நனைத்தபோது தேயிலைத் தோட்டத்தின் லயங்களை மட்டும் நனைக்கவில்லை. தோட்டப் பள்ளிக்கூடங்கள் துரைமார்களின் நிர்வாகத்திலேயே இருந்தன. ஒரே உபாத்தியாயர், ஒரே கொட்டகை, சில வகுப்புக்கள். 1948-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் அந்த ஜனங்களை நாடற்றவர்களாக்கியது. வோட்டு இல்லாதவனுடைய பள்ளிக்கூடத்தைப் பற்றி எந்தச் சட்டசபை கவலைப்படும்? 1964-இல் இரு பிரதம மந்திரிகள் கையெழுத்திட்டு ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கும் பங்கு போட்டார்கள். தோட்டப் பள்ளிக்கூடங்களை ராஜாங்கம் எடுத்துக்கொண்டது 1970-களில். மீந்திருந்தவர்களுக்குப் பிரஜா உரிமை முழுமையாகக் கிடைத்தது 2003-இல். பத்தனையில் மலைநாட்டு ஆசிரியர்களைத் தயாரிக்கும் ஸ்ரீபாதக் கல்வியியற் கலாசாலைகூட 1990-களில் ஜெர்மானிய உதவியோடுதான் வந்தது. இன்றைக்கும் மலைநாட்டுத் தமிழ்ப் பள்ளிகள் பலவற்றில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் கணிதமும் போதிக்க ஆளில்லை. வைத்தியக் கலாசாலை இலவசம் என்று எழுதி வைத்தால் போதுமா? அதன் பரீட்சைக்கு உட்காருவதற்கு வேண்டிய ரசாயன உபாத்தியாயர் பக்கத்து ஊரில் இருக்க வேண்டாமா? மலைநாட்டுக்கென்று தனி சர்வகலாசாலை வேண்டும் என்று அங்கே நெடுங்காலமாகக் கேட்டு வருவது இதனால்தான்.

ஆகவே இலங்கையைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. கட்டணம் வாங்கக்கூடாது என்ற தர்மத்தை அந்த ஜனங்கள் இன்றைக்கும் காப்பாற்றி வருகிறார்கள். 1980-களில் கொழும்புக்கு வடக்கே தனியார் வைத்தியக் கலாசாலையொன்று தோன்றியது. கிளர்ச்சி எழுந்து 1989-இல் ராஜாங்கம் அதை ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. பிறகு மாலபேயில் ஒன்று வந்தது. மாணவர்களும் வைத்தியர்களும் வருஷக்கணக்கில் போராடி 2018-க்குள் அதையும் மூட வைத்தார்கள். இந்தப் பிடிவாதத்தால் இடங்கள் பெருகவில்லை, பணக்காரப் பிள்ளைகள் அந்நிய தேசத்துக்குப் போய்ப் பணத்தைச் செலவழிக்கிறார்கள் என்று அங்கேயே விவேகிகள் சிலர் சொல்லுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆயினும் வைத்தியப் படிப்புக்கு விலை என்று கேட்டவுடன் வீதிக்கு வந்த ஒரு ஜனசமூகத்தைப் பார்த்து, லட்சக்கணக்கில் விலை வைத்துப் பட்டியலே வெளியிட்டும் பேசாமலிருக்கும் நாம் கொஞ்சம் வெட்கப்படலாம். 2022-இல் அந்தத் தேசம் கடனைத் திருப்ப முடியாமல் திவாலாயிற்று, விலைவாசி ஏறிற்று, வரி ஏறிற்று, விரிவுரையாளர்கள் பலர் கப்பலேறாமல் விமானம் ஏறினார்கள். அந்த நெருக்கடியிலுங்கூட முதல் பட்டத்துக்குக் கட்டணம் விதிக்கவில்லை.

நமது விஷயத்துக்கு வருவோம். நமது வாசல் அகலம். 2021–22-ஆம் வருஷத்து அகில இந்தியக் கணக்கின்படி உயர்தரக் கல்வியில் இருந்தவர்கள் 4 கோடியே 33 லட்சம் பேர். பதினெட்டு முதல் இருபத்து மூன்று வயது வரையுள்ள ஜனத்தொகையோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு 28.4. தமிழ்நாட்டில் இது 47. இந்த விஷயத்தில் தமிழ்நாடு பெருமைப்படலாம். ஆனால் அந்த அகலத்தைச் செய்தது யாருடைய பணம்? அதே கணக்கு சொல்லுகிறது: இந்தியாவிலுள்ள கலாசாலைகளில் சர்க்காருடையவை நூற்றுக்கு 21.5 மட்டுமே. மானியம் பெறும் தனியார் கலாசாலைகள் ஏதோ கொஞ்சம். மூன்றில் இரண்டு பங்கு, மானியமில்லாத தனியார் ஸ்தாபனங்கள். வாசலை அகலமாக்கியவர் தகப்பனார். ஆடு விற்றும், நகையை அடகு வைத்தும், பாங்கில் கடன் வாங்கியும் அகலமாக்கினார். பழைய தலைமுறை கட்டணத்தைச் ‘சம்பளம்’ என்றே சொல்லும். அந்தச் சம்பளத்தைக் கட்டியவரின் செலவு எந்தச் சதவிகிதக் கணக்கிலும் ஏறவில்லை.

சர்க்கார் கொடுக்கும் பணமாவது எங்கே போகிறது? 2025–26-ஆம் வருஷத்து மத்திய பட்ஜெட்டில் உயர்தரக் கல்வி இலாகாவுக்கு ஒதுக்கியது 50,078 கோடி ரூபாய். அதில் ஐ.ஐ.டி.க்கள் இருபத்து மூன்றுக்கு மட்டும் 11,349 கோடி. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்! அவற்றில் படிப்பவர் 1 லட்சத்து 35 ஆயிரம் பேர் என்று அதே பட்ஜெட் பிரசங்கத்தில் நிதி மந்திரி சொன்னார். தேசத்திலுள்ள கலாசாலை மாணவர்களில் ஆயிரத்துக்கு மூவர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல் வருகிறது. அந்த ஸ்தாபனங்களில் ஆராய்ச்சி நடக்கிறது, புதுக் கட்டடம் எழும்புகிறது, அவை தேசத்துக்கு வேண்டியவை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஏழைகளுக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் அங்கே கட்டணச் சலுகை உண்டென்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மற்றவர்களுக்கு 2016-இல் கட்டணத்தை வருஷத்துக்கு 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக ஒரே தாவலில் ஏற்றினார்கள். 2017-இல் இன்னொரு புதுமை: உயர்தரக் கல்வி ஸ்தாபனங்களுக்குக் கட்டடம் வேண்டுமானால் மானியத்துக்குப் பதிலாகக் கடன் கொடுப்பதற்கென்று ஒரு நிதி ஏஜென்ஸியை அமைத்தார்கள். ஸ்தாபனம் கடனை எதிலிருந்து அடைக்கும்? தன் சொந்த வருமானத்திலிருந்து. சொந்த வருமானம் என்பது பெரும்பாலும் மாணவனிடம் வாங்குவதே.

மத்திய பட்ஜெட் மட்டுமே முழுக் கணக்காகாது. உயர்தரக் கல்வியின் பெரும் பாரத்தை ராஜ்யங்களே சுமக்கின்றன. 1976-இல் கல்வியைப் பொதுப் பட்டியலில் சேர்த்து அதிகாரத்தில் பங்கு கேட்ட டில்லி, செலவில் அதற்குச் சமமான பங்கு எடுத்துக்கொள்ளவில்லை. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு நிதி மந்திரியாகப் பட்ஜெட்டைச் சமர்ப்பித்தவர் திருச்சுழித் தொகுதியின் பிரதிநிதியான தங்கம் தென்னரசு. பள்ளிக் கல்விக்கு 46,767 கோடியும் உயர்தரக் கல்விக்கு 8,494 கோடியும் அதில் ஒதுக்கப்பட்டன. சர்க்கார் கலைக் கலாசாலைகளில் இளங்கலை மாணவரிடம் கற்பிப்புக் கட்டணம் இல்லை. 2020-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு வைத்தியப் படிப்பில் நூற்றுக்கு 7.5 இடம் தனியே வைத்து அவர்களுடைய கட்டணத்தையும் ராஜ்யமே ஏற்றது. மறு வருஷம் தொழிற்படிப்புக்களுக்கும் அதை விஸ்தரித்தது. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்து, சர்க்கார் பள்ளியில் படித்துக் கலாசாலையில் சேர்ந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைத்தது. 2024 ஆகஸ்டில் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. இலங்கையின் மகாபொலவோடு வைத்துப் பார்க்கத் தக்க காரியம் இது.

ஆனால் உபகாரச் சம்பளம் கொடுத்து மாணவனை வகுப்புக்கு அனுப்பினால், வகுப்பில் ஆசிரியர் இருக்க வேண்டும் அல்லவா? 2024-இல் தமிழ்நாட்டு சர்க்கார் கலைக் கலாசாலைகளில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ‘கௌரவம்’ என்ற பதம் எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது பாருங்கள்! டாக்டர் பட்டம் பெற்று, நிரந்தர ஆசிரியர் எடுக்கும் அதே வகுப்புக்களை எடுத்து, அவருடைய ஊதியத்தில் சிறு பகுதியைப் பெறுகிறவர்கள் இவர்கள். 4,000 உதவிப் பேராசிரியர்களைத் தேர்ந்தெடுப்பதாக அதே வருஷம் மார்ச்சில் அறிவிப்பு வந்தது. அந்தத் தொகையே எத்தனை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன என்பதற்குச் சாட்சி. விருதுநகர் ஜில்லாக் கலாசாலைகள் இணைந்துள்ள மதுரை காமராசர் சர்வகலாசாலையின் நிலையோ இன்னும் பரிதாபம். 1966-இல் ஏற்பட்ட அந்த ஸ்தாபனத்தில் சமீப வருஷங்களில் ஊழியர்களின் ஊதியமும் ஓய்வு பெற்றவர்களின் உபகாரத் தொகையும் மாதக்கணக்கில் நின்று, பேராசிரியர்கள் வாயிலில் உட்கார்ந்து போராட நேர்ந்தது. நிர்வாகக் குற்றமா, தணிக்கை ஆட்சேபணையா, மானியம் குறைந்ததா என்று ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டினார்கள். மாணவனுக்கு அதில் எதுவானாலும் ஒன்றுதான்.

விருதுநகர் ஜில்லாவின் விசித்திரத்தையும் கவனிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் தேறியவர்களின் விகிதத்தில் இந்த ஜில்லா வருஷக்கணக்காக ராஜ்யத்திலேயே முதலிடம் பெற்று வந்தது, 2023-இலும் 97.85 சதவிகிதம் பெற்று முதலில் நின்றது. அதே ஜில்லாவையும் ராமநாதபுரத்தையும்தான் 2018-இல் மத்திய சர்க்கார் தமிழ்நாட்டில் முன்னேற்றத்தை நாடும் ஜில்லாக்கள் என்று பொறுக்கி எடுத்தது. பரீட்சையில் முதல், வாழ்வில் பின்! பிள்ளைகளிடம் குறையில்லை, பள்ளி உபாத்தியாயர்களிடமும் குறையில்லை என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்கும் பட்டத்துக்கும் நடுவிலுள்ள மூன்று நான்கு வருஷங்களில்தான் வண்டி குடை சாய்கிறது. ஹட்டனில் பள்ளி பலவீனம், சர்வகலாசாலை இலவசம். வீரசோழனில் பள்ளி பலமானது. அதற்குப் பிறகுள்ள பாதைக்குச் சுங்கம். சகோதரர்கள் இருவரும் வெவ்வேறு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

வீரசோழனிலிருந்து ஒரு பெண் திருச்சுழிக்கோ அருப்புக்கோட்டைக்கோ போய்ப் படிக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். கற்பிப்புக் கட்டணம் இல்லாவிட்டாலும், விசேஷக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், புஸ்தகம், சாப்பாடு எல்லாம் உண்டு. பஸ் நேரத்துக்கு வர வேண்டும். சாயங்காலம் இருட்டுவதற்கு முன் திரும்ப வேண்டும். லாபரட்டரி வகுப்பு நீண்டால் கடைசிப் பஸ் போய்விடும். அதனால் ரசாயனம் வேண்டாம், வர்த்தகம் எடு என்பார்கள் வீட்டார். அவள் என்ன படிக்க வேண்டும் என்பதைப் பஸ் அட்டவணை தீர்மானிக்கிறது. கலாசாலைக்கு அருகே சர்க்கார் ஹாஸ்டல் ஒன்றிருந்தால் அவள் ரசாயனம் படிப்பாள். ஐ.ஐ.டி. மாணவர் ஒருவருக்கு ஒதுக்கப்படும் எட்டு லட்சத்தில், மாதம் 1,000 ரூபாய் உதவி பெறும் பெண்கள் அறுபது பேருக்கு மேல் ஒரு வருஷம் முழுவதும் அதைப் பெறலாம். அந்த ஸ்தாபனத்தை மூடிவிட்டு இதைக் கொடு என்று நாம் சொல்லவில்லை. வாக்களித்த ஆறில் பாக்கியைக் கொண்டுவந்தால் இரண்டுக்கும் இடமுண்டு என்றே சொல்லுகிறோம்.

இலங்கையிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கட்டணமில்லை என்ற உறுதியை; விட்டுவிட வேண்டியது இடத்தைச் சுருக்கும் கஞ்சத்தனத்தை. 2035-க்குள் நூற்றுக்கு ஐம்பது இளைஞரைக் கலாசாலையில் சேர்ப்பதாக 2020-ஆம் வருஷத்துக் கொள்கை சொல்லுகிறது. தமிழ்நாடு அதை அனேகமாகத் தொட்டுவிட்டது. பீஹாரும் ஜார்க்கண்டும் தொட வேண்டும். இந்தப் பெருக்கத்தைச் சர்க்கார் கலாசாலைகளைக் கொண்டு செய்யப் போகிறார்களா, ஆடு விற்கும் தகப்பனைக் கொண்டு செய்யப் போகிறார்களா என்று பார்லிமெண்டில் எத்தனை பேர் கேட்டார்கள்? ஆறு சதவிகிதம் எப்போது என்று கேட்பவர்கள், அதில் சர்வகலாசாலைகளுக்கு எவ்வளவு, அதிலும் ராஜ்யத்துச் சாதாரணக் கலாசாலைகளுக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நம் பக்கத்து ஊழியர்கள் டில்லி வரையில் போகும் முன்னர் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. திருச்சுழி சர்க்கார் கலாசாலைக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் ஸ்தானங்கள் எத்தனை, நிரந்தரமாக நிரப்பப்பட்டவை எத்தனை, கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர், விஞ்ஞான வகுப்பில் சேர்ந்த கிராமத்துப் பெண்கள் எத்தனை பேர், அவர்களில் இரண்டாம் வருஷத்தில் நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். அதைத் தமிழில் அச்சிட்டு நரிக்குடியிலும் வீரசோழன் சந்தையிலும் விநியோகிக்கலாம். அடுத்த பட்ஜெட் கூட்டத்துக்கு முன் அந்தக் காகிதம் தொகுதியின் சட்டசபை உறுப்பினர் கையில் இருக்க வேண்டும்.